பாட்டன் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

உங்கள் அப்பாவின் பெயரைக் கேட்டால் உடனே சொல்வீர்கள். தாத்தாவின் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துச் சொல்வீர்கள். தாத்தாவின் அப்பா யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். எனக்கும் அதே கதிதான். அந்த வெட்கத்தினால்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளைக்காரரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். துரைமார்களைச் சொல்லவில்லை. இங்கிலாந்திலே அடுத்தவன் நிலத்தில் மண் வெட்டிப் பிழைத்த கூலிக்காரனின் பேரப்பிள்ளையைச் சொல்கிறேன். அவர் மனம் வைத்துத் தேடினால் இருநூறு, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டனின் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார். எப்படி முடிகிறது?

1538ஆம் ஆண்டில், எட்டாம் ஹென்றி அரசர் காலத்தில், அவருடைய மந்திரி தாமஸ் குரோம்வெல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் நடக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமையன்று அதில் எழுத வேண்டும். புத்தகத்தை வைக்கிற பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பாதிரியாரிடம், மற்றொன்று கோவில் நிர்வாகிகளிடம். ஒருவர் மட்டும் திறந்து எதையும் திருத்த முடியாது. ஜனங்கள் முதலில் பயந்தார்களாம், இது புது வரி போடுவதற்கான தந்திரம் என்று. நம்ம ஆளுங்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்!

பிறகு 1801இல் மக்கள் தொகைக் கணக்கு தொடங்கியது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. முதல் நான்கு தடவையும் தலையை மட்டும்தான் எண்ணினார்கள். 1841இல்தான் வீடு வீடாக ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். முப்பத்து நாலு வயசுக்காரர் காகிதத்தில் முப்பது ஆகிவிடுவார். 1851இல் இன்னும் ஒரு படி மேலே போய், பிறந்த ஊர் எது, வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்றும் கேட்டு எழுதினார்கள்.

அந்தப் 'பிறந்த ஊர்' என்ற ஒரே ஒரு கட்டம்தான் சாவி. தேடுகிறவர் 1921ஆம் ஆண்டுக் கணக்கில் தொடங்குவார். பாட்டன் பெயர் கிடைக்கும். அப்படியே பத்துப் பத்து வருஷமாகப் பின்னால் போய் 1851க்கு வருவார். அங்கே பூட்டன் எந்தப் பங்கில் பிறந்தான் என்று இருக்கும். அந்தப் பங்கின் கோவில் புத்தகத்தைப் புரட்டினால் பூட்டனின் ஞானஸ்நானமும் அவனுடைய அப்பன் ஆத்தாளின் கல்யாணமும் அகப்படும். 1754க்குப் பிந்திய கல்யாணமென்றால் மாப்பிள்ளையும் பெண்ணும் போட்ட கையெழுத்தே இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி மாதிரி ஒரு கீறல் போட்டிருப்பார்கள். நம் பாட்டன்மார் போட்ட கைநாட்டுக்கும் அந்தக் கீறலுக்கும் எனக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அவர்களிடமும் எல்லாம் ஒழுங்காக இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நூறு வருஷம் ஆன பிறகுதான் கணக்குத் தாளை வெளியே விடுவார்கள். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளிவந்தன. 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் கிடங்கு தீப்பிடித்து எரிந்துபோயின. 1941இல் யுத்தம் என்பதால் கணக்கே எடுக்கவில்லை. ஆக அடுத்தது 1951தான். அதைப் பார்க்க 2052 வரை காத்திருக்க வேண்டும். இந்த நிகழ்ச்சியில் பரிசு வாங்கும் பிள்ளைகள் அப்போது பேரன் பேத்தி எடுக்கிற வயதை எட்டிக்கொண்டிருப்பார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

நம்மையும் எண்ணினார்கள். மலாய் நாட்டுக் கூட்டரசில் 1901, 1911, 1921, 1931 ஆகிய ஆண்டுகளில் கணக்கு எடுத்தார்கள். நெகிரி செம்பிலானும் நம் ஜெலுபு மாவட்டமும் அதில் அடக்கம். தடித்தடியான அறிக்கைகள் அச்சாகியிருக்கின்றன. இந்தியர் எத்தனை பேர், அவர்களில் தமிழர் எத்தனை, தெலுங்கர் எத்தனை, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று அட்டவணை அட்டவணையாக இருக்கும். 1931இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியர்கள் 6 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. ஆனால் அந்த ஆறு இலட்சத்தில் ஒருவர் பெயர்கூட நம் கைக்குக் கிடைக்காது. நமக்குக் கிடைத்திருப்பது கூட்டுத்தொகை மட்டும்தான். இந்தியாவிலும் அப்படியே, கூட்டிக் கழித்து அறிக்கை போட்டதும் வீட்டுத் தாள்களைக் கழித்துவிட்டார்கள்.

இதே தமிழர்கள் வேறு கடல் தாண்டிப் போயிருந்தால் கதை வேறு. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்த முதல் கப்பல் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கிய 1,52,184 பேருக்கும் பேரேடு இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். மொரீஷியசில் மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிலையம் அந்த நாட்டுக் குடியேற்றப் பேரேடுகளைக் காத்து வருகிறது; சிலருக்குப் புகைப்படமும் உண்டு. பிஜித் தீவுக்குப் போனவர்களுக்கும் ஆளுக்கொரு சீட்டு இருக்கிறது. அடிமைபோல் நடத்தியவர்கள்தான், அவர்கள் கெட்டிக் கணக்கு வைத்தது பாசத்தால் அல்ல. ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே, அதற்காக. இருந்தாலும் அந்தக் கணக்கு இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊர் காட்டுகிறது.

மலாயாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி மூலம் வந்தவர்கள். ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு கங்காணி தன் ஊருக்கே போய் மாமன் மச்சான், பங்காளி, அடுத்த தெருக்காரன் என்று சேர்த்துக்கொண்டு ஆவடி முகாமுக்கோ நாகப்பட்டினம் முகாமுக்கோ வருவார். கப்பலில் ஏறினால் ஒரு வாரப் பயணம், பினாங்கு. சிலருக்கு ஜெரெஜாக் தீவில் ஒதுக்குக் காவல். பிறகு ரயில், லாரி. நம் பக்கத்துக்கு வந்தவர்கள் செரம்பானிலிருந்து புக்கிட் தங்கா மலை வளைவுகளைத் தாண்டி இறங்கினார்கள். 1926ஆம் ஆண்டு முதல் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயர் நம் கிழவர்கள் வாயில் இன்றும் இருக்கிறது. 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் இந்த ஆள் கட்டுகிற வேலைக்குத் தடை போட்டது. அதற்குள் வந்தவர்கள் வந்தவர்கள்தான். கங்காணி ஆளைக் கூட்டிப் போகுமுன் கிராம முனிசீப்பிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு காலத்தில் பெயரும் ஊரும் ஒரே காகிதத்தில் இருந்திருக்கின்றன. ஆனால் வரிசையாகப் புரட்டிப் பார்க்கும்படி நேட்டால் மாதிரிப் பேரேடு நமக்கு இல்லை.

"இப்போ அதெல்லாம் எதுக்குங்க? சோறு கிடைக்குது, புள்ள படிக்குது" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு இலங்கையைத்தான் காட்ட வேண்டும். 1948இல் அந்த நாடு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அங்கேயே பிறந்தவனாக இருந்தாலும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்ததைக் காட்டு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் எந்தக் காலத்தில் சீட்டு எழுதி வைத்தார்கள்? ஏறத்தாழ ஏழு இலட்சம் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று ஆட்டு மந்தை பிரிப்பது மாதிரிப் பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இங்கிலாந்தில் பாட்டனைத் தேடுவது ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. இலங்கைத் தோட்டத்தில் பாட்டனைத் தேடியது இருக்க ஒரு நாடு வேண்டும் என்பதற்காக.

இங்கே நமக்கு அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும் சூடு படாமல் தப்பவில்லை. 1948இல் அவசர காலம் வந்தபோது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்றார்கள். நம்மில் பலருக்கு முதல் தடவையாகப் படத்தோடு ஒரு காகிதம் கிடைத்தது அப்போதுதான். நாடு சுதந்திரம் பெற்ற பிறகு குடியுரிமைக்கு மனுப்போடுங்கள் என்று தலைவர்கள் தோட்டம் தோட்டமாக வந்து சொன்னார்கள். போட்டவர் போட்டார், "நாளைக்கு ஊருக்குத் திரும்பப் போறவனுக்கு எதுக்கு?" என்று இருந்தவர் இருந்துவிட்டார். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று வந்ததும் சுமார் 60 ஆயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். சிவப்பு அட்டை, நீல அட்டை என்ற சொற்கள் ஒரு வீட்டுக்குள்ளேயே புருஷனையும் பெண்சாதியையும் பிரித்து வைத்திருந்த காலம் அது. பிறப்புப் பத்திரம் இல்லாமல் இன்றும் அலைகிற குடும்பங்கள் உண்டு.

என் தாத்தா கதையைச் சொல்லுகிறேன். அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் ஒரு அடையாள அட்டை இருந்தது. அதில் பிறந்த வருஷம் 1911. பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்புப் பிறகு கிடைத்தது. அதில் 1931ஆம் ஆண்டில் அவருக்கு வயது 25. அப்படியானால் 1906. எது சரி? பாட்டி உயிரோடு இருந்தபோது, "உங்களுக்குக் கல்யாணம் எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டேன். "வருஷம் என்னடா வருஷம், எனக்கு என்ன தெரியும்?" என்றார். கேள்வியை மாற்றினேன். "அந்த வருஷம் ஊரிலே என்ன நடந்துச்சு?"

"ஆடி மாசம் கொள்ளிடத்துல வந்துச்சு பாரு வெள்ளம்! வீடெல்லாம் போச்சு. தண்ணி வடிஞ்சு ஆவணியிலதான் தாலி கட்டுனாரு உங்க தாத்தா. மீசை அரும்பியிருந்துச்சு."

காவிரியும் கொள்ளிடமும் கரை புரண்ட அந்தப் பெருவெள்ளம் வந்தது 1924 ஜூலையில். அப்போது தாத்தாவுக்குப் பதினெட்டு என்றால் மீசைக் கணக்கு ஒத்துவருகிறது. அட்டைக் கணக்குப்படி பதின்மூன்று. ஆகவே செக்ரோல்தான் சரி. அட்டை எழுதுகிறவர் வயது கேட்டிருப்பார், தாத்தா ஏதோ ஒரு உத்தேசம் சொல்லியிருப்பார், அவர் 1948இலிருந்து கழித்து எழுதியிருப்பார். அவ்வளவுதான். அந்த உத்தேசத்தின் விலை என்ன தெரியுமா? சேமநிதிப் பணம் ஐம்பத்தைந்து வயதில் கிடைக்கும். தாத்தாவுக்கு உண்மையில் ஐம்பத்தைந்து ஆனது 1961இல். காகிதத்தில் ஆனது 1966இல். நடுவே ஐந்து வருஷம் இடுப்பு வலியோடு வெட்டுக்காட்டுக்குப் போனார்.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் 'எந்த வருஷம்' என்று கேட்காதீர்கள். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னாலா பின்னாலா, 1926ஆம் ஆண்டு மலாயாவில் பெருவெள்ளம் வந்தபோது நீங்கள் கைக்குழந்தையா நடக்கிற பிள்ளையா, ரப்பர் விலை விழுந்து ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிய 1930 – 1932 காலத்தில் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள் என்று கேளுங்கள். வருஷத்தை நீங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு துப்பும் நம்மிடம் உண்டு. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். ஆகவே உங்கள் பெரியப்பாவின் பெயரைக் கேட்டால் பூட்டனின் பெயர் பாதி கிடைத்துவிட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேலை இன்னும் சுலபம். கத்தோலிக்கக் கோவில்களில் ஞானஸ்நானப் பதிவு பழைய காலத்தில் லத்தீன் மொழியில் இருக்கும். தகப்பன் தாய் பெயரோடு ஞானத் தகப்பன், ஞானத் தாய் பெயரும் இருக்கும். பிற்பாடு கல்யாணம் ஆனால் அதையும் அதே பதிவின் ஓரத்தில் குறித்து வைப்பார்கள். ஒரே ஓலைச்சுவடியில் ஒரு ஆயுசு.

பெயர் எழுதுவதில் நம்மவர் பட்ட பாடு தனி. கிராணியார் காதில் விழுந்தபடி இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார். ஒரே ரெங்கசாமி ஒரு காகிதத்தில் ரங்கசாமி, அடுத்ததில் ரெங்கசமி. லெட்சுமிக்கு நாலு விதம். மாரிமுத்து 'முத்து' என்று சுருங்குவார், 'மாரி' என்றும் சுருங்குவார். என் அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர்க் கட்டம் காலி. 'ஆண்' என்று மட்டும் இருக்கிறது. பெயர் வைக்குமுன் டிரெசர் எழுதி அனுப்பிவிட்டார். தகப்பன் பெயரில் இரண்டு எழுத்து தவறு. அப்பா நீல அட்டைக்கு மனுப்போட்டபோது, "இந்தப் பத்திரத்தில் இருப்பது நீர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள். அப்பா வாய் திறக்கவில்லை. என்ன சொல்வார்? பத்திரத்தில் அவர் இல்லையே.

காப்பாற்றியது பள்ளிக்கூடம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கொட்டகையோ, கோவில் மண்டபமோ, ஆயாக் கொட்டகையின் ஓரமோ, ஏதோ ஒன்றில் பள்ளி நடந்தது. பள்ளி என்று இருந்தால் சேர்க்கைப் புத்தகம் இருக்க வேண்டும். யுத்தம் முடிந்து 1946இல் அப்பாவைப் பன்னிரண்டாம் வயதில் முதலாம் வகுப்பில் சேர்த்தார்கள். அந்த வாத்தியார் சேர்க்கைப் புத்தகத்தில் அப்பாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் முழுசாகத் தமிழில் எழுதியிருந்தார். பிறந்த தேதியும் பத்திரத்தோடு ஒத்திருந்தது. அதைப் பார்த்துத் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்துத்தான் அப்பாவுக்கு நீல அட்டை கிடைத்தது.

இதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். கப்பல் காகிதம், செக்ரோல், ஆஸ்பத்திரிப் புத்தகம், அடையாள அட்டை, எல்லாவற்றிலும் நம் பெயர் பிறர் எழுத்தில்தான் இருந்தது. நம் பெயரை நம் எழுத்தில், பிழையில்லாமல், கூப்பிடுகிறபடியே எழுதிவைத்த அரசாங்கப் புத்தகம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் சேர்க்கைப் புத்தகம் ஒன்றுதான்.

அதில்கூட இல்லாதவர்கள் உண்டு. தாத்தாவின் தம்பி, என் சின்னத் தாத்தா, ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் போனவர். 1942, 1943இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயாவிலிருந்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு மயானம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறை, வரிசை வரிசையாகப் பெயர், படைப்பிரிவு, வயது. நம்மவர்களைக் குழியில் தள்ளி மூடினார்கள். யார் எங்கே என்று யாரும் எழுதவில்லை. 1931க்குப் பிறகு 1947இல்தான் கணக்கெடுத்தார்கள். பதினாறு வருஷத்தில் பெருக வேண்டிய இந்தியர் தொகை 6 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. விலைவாசி வீழ்ச்சியில் ஊர் திரும்பியவர்களும் உண்டு, ரயிலில் போனவர்களும் உண்டு. அந்தக் குறைச்சலில் ஒன்று என் சின்னத் தாத்தா. அவருக்கென்று இருக்கிற ஒரே பதிவு, "சின்னவரு சயாமுக்குப் போனாரு, வரல" என்று பாட்டி சொன்ன ஒரு வாக்கியம். அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அப்பா படித்த தோட்டப் பள்ளி இப்போது இல்லை. தோட்டம் கை மாறியது, லயம் காலியானது, பிள்ளைகள் குறைந்தார்கள். ஆபீஸ் தாள்களைக் குவித்துக் கொளுத்தினார்கள் என்று பார்த்தவர் சொன்னார். ஆனால் சேர்க்கைப் புத்தகங்களை யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்துப் பள்ளி அலமாரியில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சென்ற வருஷம் அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்தேன். தாத்தா பெயருக்குப் பக்கத்தில், வாத்தியார் சின்ன எழுத்தில், கட்டத்துக்கு வெளியே, 'லால்குடி தாலுகா' என்று எழுதியிருந்தார். மற்றெல்லாக் காகிதத்திலும் 'திருச்சி' என்று மட்டும்தான் இருந்தது. லால்குடி கொள்ளிடத்துக்கு வடகரைப் பக்கம். பாட்டி சொன்ன வெள்ளம் எங்கே வந்தது என்பது அப்போது விளங்கியது.

விலகல் காரணம் என்று ஒரு கட்டம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. 'தோட்ட வேலை', 'தோட்ட வேலை', 'தம்பியைப் பார்த்துக்கொள்ள', 'இந்தியா போனார்கள்', 'தோட்ட வேலை' என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அப்பாவுக்கு எதிரே 'தோட்ட வேலை'.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் சனிக்கிழமைகளில் வந்து அந்தப் புத்தகங்களைப் படியெடுக்க உதவுகிறார்கள். 1946இலிருந்து 1952 வரை முடிந்துவிட்டது. 1953ஆம் ஆண்டுப் புத்தகத்தில் முதல் பன்னிரண்டு பக்கத்தைக் கறையான் அரித்துவிட்டது. அந்த வருஷம் நம் வட்டாரத் தோட்டங்களில் முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள், இந்த மலரைப் படித்தால், உங்கள் பெயரையும் தகப்பனார் பெயரையும் தமிழில் எழுதிப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். ஊர் தெரிந்தால் ஊரையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் கல்யாணத்தின்போது என்ன நடந்தது என்று எழுதினால் போதும்.